துண்டுக் கோட்பாடு: பென்னாகரத்து வீடொன்றின் ஐபி முகவரிகள் குறித்து ஓர் ஆய்வு

1. களமும் மாந்தரும்

தருமபுரி மாவட்டம், பென்னாகரம். பேருந்து நிலையத்திலிருந்து காலாற நடந்தால் கால்மணி நேரத்தில் வந்துவிடும் ஒரு மாடி வீடு. அஞ்சல் குறியீட்டு எண் 636810. இதே எண்ணைத்தான் ஒகேனக்கல்லும் வைத்திருக்கிறது. அருவிக்கும் எங்கள் வீட்டுக் குழாய்க்கும் அஞ்சல் துறை வேறுபாடு பார்க்கவில்லை. கதவில் இரண்டு இலக்கங்கள் உண்டு, பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. தபால்காரர் இரண்டையும் பார்ப்பதில்லை. உறையின் மேல் "கண்டக்டர் வீடு" என்று எழுதியிருந்தால் கடிதம் வந்து சேரும், அப்பா ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும்.

வீட்டில் வாழும் உயிர்கள் ஆறு: அப்பா, அம்மா, மனைவி, மகள், இக்கட்டுரையாளன், ஒரு பசு. வைஃபையில் வாழ்பவை பதினொன்று. கைப்பேசி நான்கு, மகளின் லேப்டாப், அப்பாவின் பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர், டிவி, மாட்டுக்கொட்டகையைப் பார்த்து நிற்கும் கேமரா, ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்கோட்டிலிருந்து வரும் மச்சானின் கைப்பேசி ஆக மொத்தம் பத்து. பதினோராவதைப் பற்றிப் பின்னர்.

பசுவுக்கு ஐபி முகவரி இல்லை, ஆனால் பசுவைப் பார்க்கும் கேமராவுக்கு உண்டு. உயர்திணை, அஃறிணை என்று இலக்கணம் வகுத்த மொழியில் இந்த மூன்றாவது வகைக்கு இன்னும் திணை வகுக்கப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிட்டு மேலே செல்கிறேன்.

2. சிக்கல்

அப்பாவுக்குப் பிரிண்டர் வெறும் பொருள் இல்லை, பதவி. உறவினர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் பட்டா, சிட்டா நகல் எடுத்துக் கொடுப்பதை ஓய்வுக்காலச் சேவையாக நடத்திவருகிறார். ஞாயிறு மாலையிலிருந்து செவ்வாய்க்கிழமை வரை அந்தப் பிரிண்டர் அச்சடிக்காது. திரையில் 'ஆஃப்லைன்' என்று வரும். பிரிண்டரில் பச்சை விளக்கு எரியும், காகிதம் இருக்கும், மை இருக்கும், மனம் மட்டும் இருக்காது.

இதற்கு வீட்டில் நிலவிய விளக்கங்கள் மூன்று. அம்மாவின் விளக்கம், ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்தில் அதை ஆன் செய்ததால் வந்த வினை. கேபிள்கார அண்ணனின் விளக்கம், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." அப்பாவின் விளக்கம்தான் குடும்ப அமைதியைக் குலைத்தது. மச்சான் வரும் நாளில்தான் பிரிண்டர் படுக்கிறது என்பதைக் காலண்டரில் மூன்று வாரம் குறித்து வைத்து நிறுவிவிட்டார். "உங்க அண்ணன் ராசி அப்படி" என்று மருமகளிடம் அவர் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். "மாமா, எங்க அண்ணன் வந்தா சுண்டக்கா வத்தல்தான் கொண்டு வருது, சூனியமா கொண்டு வருது?" என்று அவளும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னாள்.

ஆய்வின் அறம் கருதி ஓர் உண்மையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்பாவின் கருதுகோள் சரியாகவே இருந்தது. காரணம்தான் ராசி இல்லை.

3. அகமும் புறமும்

எங்கள் வீட்டுப் பிரிண்டரின் எண் 192.168.1.5. எதிர்வீட்டு டிவிக்கும் இதே எண் இருக்கலாம். பாலக்கோட்டில் மச்சான் வீட்டு லேப்டாப்புக்கும், கனடாவில் யாரோ ஒருவரின் குளிர்பெட்டிக்கும்கூட இருக்கலாம். இத்தனை பேருக்கு ஒரே எண் எப்படிப் பொருந்தும் என்று குழம்புவோருக்குச் சங்க இலக்கிய மரபிலிருந்து விடை தரலாம். அகப்பாடலில் தலைவன், தலைவியின் இயற்பெயரைச் சொல்லக்கூடாது. பெயர் சொல்லிவிட்டால் அது புறம். 192.168 என்று தொடங்கும் எண் அகத்தின் எண். எல்லா வீட்டிலும் ஒரு தலைவி இருக்கலாம், அவளை அந்த வீட்டுக்கு வெளியே சுட்டிச் சொல்லத்தான் கூடாது.

இவ்விலக்கணத்தை 1996 பிப்ரவரியில் ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் வகுத்தது. அகத்துக்கென அது மூன்று நிலங்களை ஒதுக்கியது. 10 என்று தொடங்குவதில் 1,67,77,216 எண்கள். 172.16 முதல் 172.31 வரை 10,48,576. 192.168இல் 65,536. ஐந்திணை கண்ட மரபுக்கு மூன்று குறைவுதான், இருந்தாலும் ஒரு வீட்டுக்குப் போதும். மூன்றாம் நிலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குக் கிடைத்த துண்டில் 256 எண்கள். அவற்றில் 0 தெருப்பெயருக்குப் போய்விடுகிறது, 255 தண்டோராவுக்கு. அந்த எண்ணுக்கு எதைச் சொன்னாலும் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும். மிச்சம் 254. பதினொரு கருவிகளுக்கு 254 எண்கள் என்பது, ஐந்து பேர் குடும்பத்துக்குக் கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொண்டதற்குச் சமம். அப்படியிருந்தும் இரண்டு பேர் ஒரே நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள் என்பதே இவ்வாய்வை இயற்றத் தூண்டியது.

தலைவி வெளியுலகோடு பேச வேண்டாமா? பேசலாம், தோழி வழியாக. அந்தத் தோழியின் பெயர் நேட். 1994 மே மாதத்து ஆவணம் ஒன்றில் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் அவளை அறிமுகம் செய்தார்கள். பதினொரு கருவிகளின் செய்திகளையும் ரூட்டரின் வாசலில் வாங்கி, தன் ஒற்றைப் புற எண்ணின் பெயரில் வெளியே அனுப்பி, வரும் பதிலை எது யாருக்கு என்று நினைவில் வைத்து உள்ளே கொண்டுவந்து சேர்ப்பாள். எந்தக் கேள்வி யார் கேட்டது என்பதை ஒருபோதும் வெளியில் சொல்லமாட்டாள். இன்னும் சில இணைப்புகளில் தோழிக்கும் ஒரு தோழி உண்டு. கேபிள் நிறுவனத்திடமே புற எண் போதாமல், 100.64 என்று தொடங்கும் இடைப்பட்ட எண்ணைத் தந்துவிடுவார்கள். 2012இல் இதற்கென்றே தனி நிலம் ஒதுக்கப்பட்டது. அகமும் இல்லாமல் புறமும் இல்லாமல் கிடக்கும் இதைக் கைக்கிளையில் வைப்பதா, பெருந்திணையில் வைப்பதா என்பது புலவர்கள் தீர்க்க வேண்டிய வழக்கு.

4. எண் பஞ்ச வரலாறு, சுருக்கமாக

ஒரு காலத்தில் எல்லோருக்கும் புற எண் கிடைத்தது. 1981 செப்டம்பரில் வகுத்த விதிப்படி மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 எண்கள். தீரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஜான் போஸ்டல் என்ற தாடிக்காரர் கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து இணையத்தின் எண்களுக்கெல்லாம் கணக்கு எழுதினார். 1972இலேயே, எண் வழங்க ஒரு ஜார் மன்னர் வேண்டும் என்று அவர் எழுதி, அடைப்புக்குறிக்குள் அது நானாக இருக்கலாமோ என்று கேள்விக்குறியும் போட்டிருக்கிறார். அடக்கமும் ஆசையும் இத்தனை சிக்கனமாக ஒரே அடைப்புக்குறிக்குள் அடங்கியது வேறெங்கும் என் கண்ணில் பட்டதில்லை. நம் ஊர் வழக்கில் சொன்னால் அவர் இணையத்தின் கர்ணம். தமிழ்நாட்டில் கர்ணம் பதவியை 1980இல் ஒழித்தார்கள். இணையத்தின் கர்ணம் 1998 அக்டோபரில் இறக்கும்வரை பதவியில் இருந்தார்.

2011 பிப்ரவரி 3ஆம் தேதி உலகப் பொதுக் கிடங்கில் கடைசி மூட்டையும் போய்விட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசியாவின் கிடங்கும் கடைசி மூட்டையைப் பிரித்து, ரேஷன் முறையில் அளந்து கொடுக்கத் தொடங்கியது. இந்த விவரத்தை அப்பாவிடம் சொன்னபோது, ஐபி ஆறாம் பதிப்பு என்று ஒன்று இருக்கிறது, அதில் எண்களின் தொகையே 39 இலக்கம் என்றும் சொன்னேன். சிறிது யோசித்தார். "அத்தன சீட்டு இருந்தா கண்டக்டர் எதுக்கு?" என்றார். அந்தப் பதிப்பில் கருவி தானே தன் எண்ணை ஆக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள் என்பதை அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

5. துண்டுக் கோட்பாடு

இனி ஆய்வின் மையம். பென்னாகரம் பேருந்து நிலையத்தில் காலையில் தருமபுரி வண்டி வந்து நிற்கும்போது உட்காரும் இடம் கிடைக்க மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, ஏறி நின்று கண்டக்டர் காட்டும் இடத்தில் உட்காருவது. இரண்டு, வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிடுவது. மூன்று, கண்டக்டரிடம் முன்னமே சொல்லி வைப்பது. வீட்டு நெட்டில் எண் பெறவும் இதே மூன்று வழிகள்தாம், நான்காவது கிடையாது. (பஸ்ஸே வராத நாளில் பயணி நிலையத்துத் திண்ணையில் தானே ஓரிடம் பார்த்து உட்கார்ந்துகொள்வதை நான்காவதாக எண்ணுவோர் உண்டு. ரூட்டர் பதில் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே சூட்டிக்கொள்வது அதுதான். உட்காரலாம், தருமபுரி போக முடியாது.)

முதல் வழிக்கு டிஎச்சிபி என்று பெயர். 1993இல் பிறந்து 1997இல் இன்றைய உருவத்தைப் பெற்றது. ஆவணத்தை எழுதியவர் அமெரிக்காவின் பக்னெல் பல்கலைக்கழகத்து ரால்ஃப் ட்ரோம்ஸ். அதன் சடங்கு நான்கு வசனம் கொண்ட நாடகம்:

"யாராவது இடம் குடுக்கறவங்க இருக்கீங்களா?"

"23 காலியா இருக்குப்பா, உக்காரறியா?"

"23தான் எனக்கு வேணும், எல்லாரும் கேட்டுக்குங்க."

"உக்காரு. நாளைக்கு இந்நேரம் வரைக்கும்."

மூன்றாவது வசனத்தை ஏன் ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆறாம் பகுதியில் விளங்கும்.

"நாளைக்கு இந்நேரம் வரைக்கும்" என்பதில் ஒரு குத்தகை ஒளிந்திருக்கிறது. சாலையோரப் புளியமரத்தை ஏலம் எடுத்தவருக்குக் காய் சொந்தம், மரம் சொந்தமில்லை. எண்ணும் அப்படியே. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கருவி தானே போய் நீட்டித்துக் கேட்கும். ரூட்டர் பதில் சொல்லாவிட்டால், முக்காலே அரைக்கால் பங்கு கழிந்ததும் வேறு யாராவது தருவார்களா என்று பொதுவில் கத்தும். எட்டில் ஏழு பங்கு என்பதைக் குறிக்க ஆங்கிலக்காரர் 87.5 விழுக்காடு என்று தசமப் புள்ளி போட வேண்டியிருக்கிறது. முக்காலும் அரைக்காலும் வைத்திருந்த நம் வாய்ப்பாட்டுக்கு இது ஒரு விஷயமே இல்லை.

இரண்டாம் வழி துண்டு. பிரிண்டரின் சின்னத் திரையில் நாமே போய் 192.168.1.5 என்று தட்டிவிடுவது. பிரிண்டர் வாங்கிய அன்று அதைச் செய்தவன் இக்கட்டுரையாளன். பிரிண்டரைத் தேடிக்கொண்டு கம்ப்யூட்டர் தினமும் அலையக்கூடாது, எண் மாறாமல் இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் துண்டு போடுகிறவனின் பிழையை நானும் செய்தேன். கண்டக்டரிடம் சொல்லவில்லை. ரூட்டரின் பேரேட்டில் 2 முதல் 254 வரை எல்லாம் பொது இருக்கை, 5 உட்பட.

சனி இரவு அப்பா மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பிரிண்டரின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுப்பார். ஞாயிறு காலை மச்சான் வருவார். செருப்பைக் கழற்றுவதற்குள் அவர் கைப்பேசி ரூட்டரிடம் இடம் கேட்டுவிடும். ரூட்டர் ஒன்றும் பொறுப்பற்றது இல்லை. தருவதற்கு முன் "5, இருக்கியா?" என்று ஒரு குரல் கொடுத்துப் பார்ப்பது நல்ல ரூட்டருக்கு அழகு, விதியும் அதையே பரிந்துரைக்கிறது. பிரிண்டர் தூங்குகிறது. துண்டு போட்டவர் டீ குடிக்கப் போன நேரம் இது. காலி என்று முடிவுகட்டி ரூட்டர் 5ஐ மச்சானுக்கு எழுதிக் கொடுத்துவிடும். அடுத்தடுத்த வாரங்களிலும் அவர் பழைய எண்ணையே கேட்பார், ரூட்டரும் பழகிய முகம் என்று அதையே கொடுக்கும்.

மாலையில் அப்பா பிரிண்டரை ஆன் செய்வார். இப்போது வீட்டில் இரண்டு 5. கம்ப்யூட்டர் சிட்டாவை அனுப்புமுன் "யாருப்பா அஞ்சு?" என்று வீடு முழுக்கக் கேட்கும். 1982 நவம்பரில் எழுதிய ஏஆர்பி என்ற விதி இப்படிக் கூவத்தான் சொல்கிறது. பதில் சொல்கிறவரை நம்பு, சான்று கேட்காதே என்பதும் அதன் பண்பு. பிரிண்டரும் கையைத் தூக்கும், மச்சானின் கைப்பேசியும் தூக்கும். கடைசியாகத் தூக்கிய கை கம்ப்யூட்டரின் மனத்தில் நிற்கும். அரை ஏக்கர் புன்செய் நிலத்தின் சிட்டா மச்சானின் சட்டைப் பையை நோக்கிக் கிளம்பும். அந்தக் கைப்பேசி, இது என் வேலை இல்லை என்று வந்த வேகத்தில் திருப்பி அனுப்பும். திரையில் 'ஆஃப்லைன்'.

மச்சான் திங்கள் கிளம்பிவிடுவார். ஆனால் கம்ப்யூட்டருக்குப் பிரிண்டர் படுத்துவிட்டது என்ற பழைய கோபம் தணிய இன்னொரு நாள் ஆகும். யாராவது அதை ஆஃப் செய்து ஆன் செய்யும் வரை என்று படிக்கவும். கேபிள்கார அண்ணனின் மருத்துவம் பலித்ததும், செவ்வாய் வரை நீண்டதும் இதனால்.

இவ்வளவையும் ஒரு காகிதத்தில் படம் வரைந்து அப்பாவிடம் விளக்கினேன். படத்தைப் பார்க்கவில்லை. "டிக்கெட் குடுக்கறவனுக்குத் தெரியாம துண்டு போட்டா, அவன் என்னடா பண்ணுவான்?" என்றார். பிறகு, பல ஆண்டுகள் விசில் ஊதிய தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "முன்னாடி சீட்டுல மகளிர்னு எழுதியிருக்கு இல்ல, அந்த மாதிரி எழுதிப் போடு. எழுதாத எடத்துல நான் யாரையும் எழுப்பவும் மாட்டேன், உக்கார வேணாம்னு சொல்லவும் மாட்டேன்."

நெட்வொர்க் படித்தவர்கள் பக்கம் பக்கமாகச் சொல்வது இதுதான். ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, பொது இருக்கை 100இல் தொடங்கி 199இல் முடியட்டும் என்று மாற்றினேன். நூறுக்குக் கீழே வீட்டுக்காரர்கள், மேலே வந்து போகிறவர்கள். மச்சானின் கைப்பேசி மறுவாரம் 104இல் உட்கார்ந்தது. பிரிண்டர் அடித்தது. அப்பா அச்சடித்த முதல் தாளை மருமகளிடம் கொடுத்தார். அது அவள் அண்ணன் கேட்டிருந்த வில்லங்கச் சான்று.

6. எதிர்வழக்குகள்

கோட்பாட்டைச் சோதிக்க வாய்ப்பு தானாக வந்தது. மாடியில் சிக்னல் குறைகிறது என்று மச்சான் தன் வீட்டுப் பழைய ரூட்டரைக் கொண்டுவந்து ஒயரைச் செருகினார். அன்று மாலை பாதி வீட்டுக்கு நெட் உண்டு, பாதி வீட்டுக்கு இல்லை. ஒரே வண்டியில் இரண்டு கண்டக்டர். முதலில் குரல் கொடுத்தவரிடம் கருவி இடம் வாங்கிக்கொள்ளும், புதியவர் 192.168.0 என்று வேறு ஊர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் வசனத்தை ஏன் ஊர் கேட்கச் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் விளங்கியது. இன்னொரு கண்டக்டர் தன் இருக்கையை வீணாகப் பிடித்து வைக்காமல் விட்டுவிடத்தான். தீர்வு எளிது: புதியவரின் டிக்கெட் மிஷினைப் பிடுங்கிவிட்டு, கதவு திறந்துவிடும் வேலையை மட்டும் கொடுத்தோம். ரூட்டர் மொழியில், அவருடைய டிஎச்சிபியை அணைத்தோம்.

மூன்றாம் வழியான சொல்லி வைத்தலைக் கேமராவுக்குச் செய்தேன். ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே 12 எழுத்து கொண்ட ஒரு மேக் எண் உண்டு. முன் பாதி உற்பத்தியாளரின் குலம், பின் பாதி தனிப்பெயர். வண்டியில் டிஎன் 29 என்றிருந்தால் தருமபுரி என்று தெரிவதைப் போல. இந்த மேக் வந்தால் 192.168.1.20 கொடு என்று ரூட்டரில் எழுதிவைத்தால் போதும். துண்டும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். கைப்பேசிகளிடம் மட்டும் இது முழுசாகப் பலிப்பதில்லை. ஆண்ட்ராய்டு 2019இலிருந்தும் ஐபோன் 2020இலிருந்தும் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒவ்வொரு பொய் மேக்கைக் காட்டப் பழகிவிட்டன. கடைத்தெருவில் நம்மை யாரும் பின்தொடராமல் இருக்கச் செய்த ஏற்பாடு. மனைவி அந்த அமைப்பை ஒருநாள் மாற்றியதும், ஐந்தாண்டு பழகிய கைப்பேசியை எங்கள் ரூட்டர் புது ஆள் என்று வாசலில் நிறுத்தியது.

7. மேலாய்வுக்கு இடம்

ஐபி செய்தியைப் புறா வழியாக அனுப்பும் விதி 1990 ஏப்ரல் 1ஆம் தேதி, அந்தத் தேதிக்கே உரிய தீவிரத்தோடு, ஆர்எஃப்சி 1149 என்ற பெயரில் வெளியானது. 2001இல் நார்வே நாட்டு பெர்கன் நகரத்து லினக்ஸ் அன்பர்கள் அதை மெய்யாகவே செய்து பார்த்தார்கள். ஒன்பது செய்திகள் போயின, நான்குக்குப் பதில் வந்தது. ஒகேனக்கல்லில் பரிசல் வைத்துக்கொண்டு நாம் ஏன் புறாவை நாட வேண்டும்? ஒரு நடைமுறைச் சிக்கலை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கத் தடை போட்டுவிடுவார்கள். கர்நாடக அணைகளின் மதகைப் பொறுத்து வேகம் மாறும் இணைப்பு உலகில் வேறெங்கும் இல்லை என்பது இவ்வாய்வின் தனிப்பங்களிப்பு.

8. பதினோராவது

பட்டியலில் 108 என்ற எண்ணில் ஒருவர் இருந்தார். பெயர் இல்லை, 'ஆண்ட்ராய்டு' என்று தொடங்கி எண்கள் மட்டும். வீட்டிலுள்ளோர் அனைவரையும் நேர்காணல் செய்தேன். யாருடையதும் இல்லை. வருகை மாலை ஆறரைக்கு, வெளியேற்றம் எட்டரைக்கு. தேர்வுக் காலத்தில் பத்து மணி. பள்ளி விடுமுறையில் வரவே இல்லை. இந்தக் கடைசித் தரவு முக்கியமானது.

ஒரு மாலை ஏழு மணிக்கு மாட்டுக்கொட்டகைக் கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். காம்பவுண்டு சுவரோரம், தெருவிளக்குக்குக் கீழே, பக்கத்து வீட்டுப் பையன் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். கைப்பேசி செங்கல்லில் சாய்ந்திருந்தது. அம்மா சுவருக்கு மேலாக அவனிடம் ஒரு டம்ளரை நீட்டினார். பாஸ்வேர்டு எப்படிப் போயிற்று என்ற கேள்விக்கும் விடை அதில் இருந்தது.

பாஸ்வேர்டை மாற்றலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார். "ஸ்கூல் பையனுக்கு பாஸ் உண்டுடா" என்றார்.

மறுநாள் அவன் மேக்கைக் குறித்துக்கொண்டு, நூறுக்குக் கீழே, 192.168.1.30ஐ எழுதி வைத்தேன். பெயர் என்ற கட்டத்தில் 'திண்ணை' என்று தட்டினேன்.

அன்று ஆறரை மணிக்கு 30இல் வந்து உட்கார்ந்தான். எட்டு மணிக்குப் பிரிண்டர் தானாக ஓடத் தொடங்கியது. பத்தாம் வகுப்பு அறிவியல், மாதிரி வினாத்தாள், நான்கு பக்கம்.